ரசிகர் உள்ளமும் கொல்கத்தா கால்பந்தும்

களத்தில் இறங்காத ஒருவர் ‘நாம் வென்றோம்’ என்பது ஏன்? அமெரிக்க உளவியலறிஞர் ராபர்ட் சியால்டினி குழுவினரின் 1976ஆம் ஆண்டு ஆய்வில், தம் பல்கலைக்கழக அணி வென்றபோது ‘நாம்’ என்று உரிமை கொண்டாடிய மாணவர்கள், தோற்றபோது அச்சொல்லைக் குறைவாகவே வழங்கினர்.

ஈஸ்ட் பெங்கால் ரசிகருக்கு இவ்விலகல் எளிதன்று. 1920இல் தோன்றிய அக்கழகம், 1947 பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளுக்கு, இழந்த மண்ணின் பெயர் தாங்கிய உறவாயிற்று. மோகன் பகானை வென்றால் அவர்கள் வீட்டில் ஹில்சா மீன். எதிர்த்தரப்பு வென்றாலோ அங்கே இறால். சந்தை விலையும் இதற்கு விலக்கன்று!

16-8-1980 அன்று ஈடன் தோட்ட அரங்கில், இவ்விரு அணிகளின் ஆட்டத்தின்போது பார்வையாளரிடையே மூண்ட கைகலப்பையும் நெரிசலையும் அடுத்து 16 ரசிகர்கள் மாண்டனர். இதனை வெறும் வெறியென ஒதுக்குவது நிர்வாகத்துக்கு வசதியானது; பற்றின் ஆழத்தை அறிந்து இருக்கைகளையும் வாயில்களையும் பிரித்தமைப்பதே அதன் கடமை. ஆண்டுதோறும் அந்நாளில் கொல்கத்தாவில் ரசிகர்கள் இரத்ததானம் செய்கின்றனர்.