எண்ணெய் வாங்குமுன் இலையை வெட்டிப் பாருங்கள்

திருவாடானை, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் சம்பா நெல்லின் இலை நுனி வெளுத்துக் காயத் தொடங்கினால், உழவர் நேரே போவது மருந்துக் கடைக்கு. கடைக்காரர் வயலைப் பார்க்காமலே பாக்டீரியா இலைக்கருகல் என்பார். முன்பு ஸ்ட்ரெப்டோமைசின் பொட்டலத்தை நீட்டியவர், இப்போது 'இயற்கை மூலிகை எண்ணெய்' பாட்டிலையும் சேர்த்து நீட்டுகிறார். முண்டு மிளகாயில் இலைப்புள்ளி வந்தாலும் இதே கதைதான்.

நம் கடலோர மண்ணில் உவர் ஏறினாலும் நெல்லின் நுனி இப்படித்தான் காயும். அதற்கு எந்த எண்ணெயும் கேட்காது. காய்ந்த பகுதியும் பச்சைப் பகுதியும் சேருமிடத்தில் இலையைக் குறுக்கே வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் தண்ணீருக்குள் இருக்கும்படி வையுங்கள். பாக்டீரியா என்றால் சில நிமிடங்களில் அங்கிருந்து பால்போலக் கசிவு இறங்கும். இறங்கவில்லையா? இலையோடும் ஒரு பிடி மண்ணோடும் பரமக்குடி வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்கோ ராமநாதபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போங்கள். கடைக்கு அல்ல.

எண்ணெயே வீண் என்று சொல்லவில்லை. ஓமத்தின் தைமால், கிராம்பின் யூஜினால், எலுமிச்சைப்புல்லின் சிட்ரால் எல்லாம் பாக்டீரியாவின் செல் சவ்வைச் சிதைப்பவை. ஆனால் ஆய்வகத் தட்டில் கொன்றது, நம் வெயிலிலும் கடற்காற்றிலும் ஆவியாகிப் போகும். அளவு கூடினால் இலையையே பொசுக்கும். ஸ்ட்ரெப்டோமைசினுக்கு மாற்று வேண்டும் என்பதிலும் சந்தேகமில்லை. அது காசநோய்க்குத் தரும் மருந்து. பயிருக்கு அதைத் தடை செய்ய மத்திய அரசு 2021 டிசம்பரில் வரைவு ஆணையே வெளியிட்டது. இலைக்கருகலுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் எளிய வழிகள் உண்டு: வேப்ப எண்ணெய் 3 சதம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி, சோப்புக் கரைசலோடு, அல்லது 20 சதப் பசுஞ்சாணக் கரைசல், 15 நாள் இடைவெளியில் இருமுறை. யூரியாவை அள்ளிப் போட்டுக்கொண்டே இவற்றைத் தெளித்துப் பயனில்லை. தழைச்சத்து மிஞ்சினால் நோய் கொழுக்கும்.

நோயைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி விற்கும் மருந்துக்கு 1968ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு வேண்டும். 'இயற்கை' என்று அச்சடித்தால் விலக்குக் கிடைத்துவிடாது. லேபிளில் பதிவு எண், தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, எந்தப் பயிருக்கு எந்த நோய்க்கு என்ற விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு எண் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

பில் வாங்குங்கள். துண்டுச் சீட்டில் கிறுக்கித் தருவது பில் ஆகாது. மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் அதில் இருக்க வேண்டும். பயிர் கருகிய பிறகு பில் இல்லாமல் வந்து நிற்பவர்கள்தான் அதிகம். மிச்ச மருந்தையும் காலி பாட்டிலையும் தூக்கி எறியாதீர்கள். வயலைத் தேதியோடு படமெடுத்து, வட்டார வேளாண் உதவி இயக்குநருக்கு எழுத்தில் மனுக் கொடுங்கள். மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பும் அதிகாரம் பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்கு உண்டு. "பார்க்கிறோம்" என்று அனுப்பிவைப்பார்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். அசையாவிட்டால் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அந்தச் சீட்டோடு எழுந்து பேசுங்கள்.

நஷ்டஈடு வேண்டுமென்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லியிருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. காலக்கெடு 2 ஆண்டு. கேட்க வேண்டியிருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915, கிசான் கால் சென்டர் 1800-180-1551. நுகர்வோர் ஆணையத்திலும் முதலில் கேட்பது பில்தான்.