நிறுத்திய பாலை மீண்டும் கொடுப்பது எப்படி?

“பிள்ளைக்குப் பசுப்பால் ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிட்டோம்” என்று சொல்லும் பெற்றோரை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். பாலை நிறுத்தியதும் வயிற்றோட்டமும் எக்சிமாவும் குறைந்திருக்கும். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அதன்பின் பாலை மீண்டும் கொடுத்துப் பார்க்க ஒருவருக்கும் மனம் வருவதில்லை. இதனால் ஒவ்வாமையே இல்லாத பிள்ளைகளும், இருந்து மாறிவிட்ட பிள்ளைகளும் வருடக்கணக்கில் பாலின்றி வளர்கிறார்கள். தாய்ப்பால் கொடுக்கும் அம்மாவும் தேவையின்றித் தன் உணவைக் குறைத்து மெலிகிறார்.

தவிர்ப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் எங்கள் வீடுகளில் மட்டும் இருந்ததல்ல. ஒவ்வாமை உள்ள குடும்பங்களில் மூன்று வயதுவரை கச்சான் கொடுக்க வேண்டாம் என 1998 இல் பிரித்தானிய அரசே ஆலோசனை கூறியது. 2009 இல் அது கைவிடப்பட்டது. பின்னர் லண்டனில் பேராசிரியர் கிடியன் லாக் தலைமையில், கடும் எக்சிமா அல்லது முட்டை ஒவ்வாமை இருந்த 640 குழந்தைகளிடம் ஆய்வு நடந்தது. 2015 இல் வெளியான அதன் முடிவின்படி, ஐந்து வயதில் கச்சானைத் தவிர்த்தவர்களில் ஏறத்தாழ 17 வீதத்தினருக்கும், சிறு வயதிலேயே சாப்பிட்டு வந்தவர்களில் 3 வீதத்தினருக்கும் கச்சான் ஒவ்வாமை இருந்தது. காரணமின்றித் தவிர்ப்பதும் தீங்காகலாம் என்பதே இதன் பாடம்.

எந்த வகை ஒவ்வாமை?

பால் ஒவ்வாமையில் இரண்டு வகை உண்டு. முதலாவது உடனடி வகை. பால் குடித்துச் சில நிமிடங்களில், பெரும்பாலும் இரண்டு மணித்தியாலங்களுக்குள், தோலில் தடிப்பு, முகவீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு வரும். மற்றது தாமத வகை. பல மணித்தியாலங்களோ சில நாட்களோ கழித்து எக்சிமா கூடும், வயிறு குழம்பும், மலத்தில் சளியோ இரத்தமோ தெரியும்.

வீட்டில் முயலக்கூடியது கடுமையற்ற தாமத வகை மட்டுமே. உடனடி எதிர்விளைவு வந்த பிள்ளை, ஆஸ்துமா அல்லது கடும் எக்சிமா உள்ள பிள்ளை, பால் குடித்துச் சில மணித்தியாலங்களில் விடாமல் வாந்தி எடுத்து வெளிறிச் சோர்ந்த பிள்ளை ஆகியோருக்கு வைத்தியசாலையின் ஆலோசனை இன்றிக் கொடுக்கக் கூடாது. கச்சான், கஜு போன்றவற்றுக்கு ஒருமுறை எதிர்விளைவு வந்திருந்தாலும் அப்படியே.

முதலாவது: சந்தேகத்தை உறுதிசெய்தல்

பாலை நிறுத்துவது பாதிப் பரிசோதனைதான். இரண்டு முதல் ஆறு வாரங்கள் நிறுத்தி, பின்னர் மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது நைஸ் அமைப்பு 2011 இல் வெளியிட்ட வழிகாட்டல். குணங்குறிகள் திரும்பி வந்தால்தான் அது பால் ஒவ்வாமை.

பால்மா குடிக்கும் குழந்தைக்கு, வைத்தியர் தந்த விசேட பால்மாவைக் கரைத்த ஒரு போத்தலில் முதல் நாள் ஒரு அவுன்ஸ் அளவு சாதாரண பால்மாப் பாலைச் சேருங்கள். நாளுக்கு ஒரு அவுன்ஸ் கூட்டி, ஏறத்தாழ ஒரு வாரத்தில் அந்தப் போத்தலை முழுதாக மாற்றலாம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையாயின், அம்மா ஒரு வாரத்துக்குத் தன் வழமையான பாலுணவுகளைச் சாப்பிட்டால் போதும். குணங்குறிகள் தெளிவாகத் திரும்பினால் அன்றே நிறுத்தி, ஜீ.பி.யிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது: படிப்படியாக ஏறுதல்

ஒவ்வாமை உறுதியானாலும் அது ஆயுள் முழுவதற்கும் அல்ல; பெரும்பாலான பிள்ளைகளுக்கு மாறிவிடும். குறைந்தது ஆறு மாதங்கள் தவிர்த்தபின், பிள்ளைக்கு 9 முதல் 12 மாதமாகும்போது, டயற்றீசியனின் ஆலோசனையுடன் ‘பால் ஏணி’யில் ஏறலாம். முதலில் பால் சேர்த்துச் சுட்ட பிஸ்கற், பிறகு மஃபின், பான்கேக், சீஸ், யோகட், கடைசியில் பால். கோதுமை மாவுடன் நீண்டநேரம் சூடாகும்போது பால் புரதத்தின் உருவம் மாறுவதால், பலரின் உடல் அதை முதலில் ஏற்றுக்கொள்கிறது. ஒரு படி ஒத்துக்கொண்டபின்தான் அடுத்த படி. ஒத்துக்கொள்ளாவிட்டால் முந்திய படிக்கு இறங்கி, சில மாதங்களின் பின் மீண்டும் முயலலாம்.

எங்கள் சமையலில் கவனிக்க வேண்டியவை சில. பாயாசத்தில் பால் கொதித்திருந்தாலும் அது பிஸ்கற்றுக்குச் சமமல்ல. ஏணியின் உச்சியில் வைக்க வேண்டியது. நெய்யிலும் சிறிதளவு பால் புரதம் இருக்கலாம். ஆட்டுப்பால் பசுப்பாலுக்கு மாற்றல்ல. சொதிக்கு விடும் தேங்காய்ப்பாலில் பசுப்பால் புரதம் இல்லை. ஆனால் அது குழந்தையின் பாலுக்கு ஈடாகாது. அரிசிப்பாலை ஐந்து வயதுக்குள் கொடுக்க வேண்டாம்.

கொடுக்கும் நாளில்

பிள்ளைக்குத் தடிமன், காய்ச்சல், வயிற்றோட்டம் இருக்கக் கூடாது. காலையில் கொடுங்கள், பகல் முழுவதும் கவனிக்கலாம். வேறு புதிய உணவு எதையும் அதே வாரத்தில் சேர்க்க வேண்டாம். கொடுத்ததையும் கண்டதையும் கொப்பியில் எழுதுங்கள். மூச்சு விடச் சிரமம், விடாத இருமல், குரல் மாற்றம், உடல் வெளிறித் துவளுதல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே 999 ஐ அழைத்து “அனபிலாக்ஸிஸ்” என்று சொல்லுங்கள்.

வீட்டுப் பெரியவர்களிடமும் இதை விளக்குங்கள். பால்மாவுக்கு வரிசையில் நின்ற தலைமுறை நாங்கள். பிள்ளைக்குப் பாலை மறுப்பது அம்மம்மாவுக்குப் பொறுக்காது. அவர் இரக்கப்பட்டு ஒளித்துக் கொடுக்கும் ஒரு கரண்டி யோகட், பரிசோதனை முழுவதையும் குழப்பிவிடும். நாளையும் அளவையும் அவருக்கும் சொல்லி, கொப்பியில் எழுதும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

உங்கள் பிள்ளைக்கு ஏதாவது உணவு நிறுத்தப்பட்டிருந்தால், “எப்போது மீண்டும் கொடுத்துப் பார்ப்பது?” என்று உங்கள் ஜீ.பி.யிடமோ ஹெல்த் விசிற்றரிடமோ கேளுங்கள். தமிழில் பேச வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரை இலவசமாக ஒழுங்குசெய்து தருவார்கள்.