சாவிக் கொத்து வீட்டிலேயே!

பாங்குக்கு ஒரு கடவுச்சொல். ரயில் டிக்கெட்டுக்கு ஒன்று. கரண்டு பில்லுக்கு ஒன்று. இத்தனையையும் யார் நினைவில் வைப்பது? அவற்றைப் பூட்டி வைக்கக் கம்ப்யூட்டர் பெட்டகம் உண்டு. அதற்கு ஒரே சாவி, உங்கள் மனத்தில் இருக்கும் தலைமைச் சொல்.

'லாஸ்ட்பாஸ்' என்ற அமெரிக்கக் கம்பெனி லட்சக்கணக்கானவர்களின் பெட்டகங்களை வைத்திருந்தது. 2022-ம் ஆண்டு திருடர்கள் புகுந்து அவற்றின் நகல்களை அள்ளிச் சென்றார்கள். கடவுச்சொற்கள் சங்கேத எழுத்தில்தான் இருந்தன. ஆனால் தலைமைச் சொல் எளிதாக இருந்தால் ஊகித்துத் திறந்துவிடலாமே!

அதனால் சிலர் பெட்டகத்தை வீட்டிலேயே வைத்துக் கொள்ளுகிறார்கள். 'வால்ட்வார்டன்' என்ற இலவச மென்பொருள் அதற்குப் போதும். உள்ளங்கையில் அடங்கும் 'ராஸ்பெரி பை' கம்ப்யூட்டரிலேயே ஓடும்.

மலையில் இடி விழுந்தால்?

ஏற்காடு மலையில் உள்ள வாழவந்தியில் ஒரு காப்பித் தோட்டக்காரர் இதை வைப்பதாகக் கொள்வோம். மழையில் கரண்டு போனால் கவலையில்லை. போனில் ஏற்கெனவே இறங்கிய நகலைப் பார்க்கலாம். புதிதாகச் சேர்க்க முடியாது, அவ்வளவுதான். இடி விழுந்து கம்ப்யூட்டரே கருகினால்? வாரம் ஒரு நகல் எடுத்து, 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே, சேலத்து மைத்துனர் வீட்டில் வைக்கலாம். கடவுச்சொற்கள் அதிலும் பூட்டியேதான் இருக்கும். மைத்துனர் படிக்க முடியாது!

தலைமைச் சொல் மறந்தால் மாற்றுச் சாவி செய்து தர யாரும் இல்லை. குடும்பத் தலைவர் திடீரென்று கண்ணை மூடினாலும் இதே கதிதான். பாங்குக் கணக்குச் சொல் முதல் எல்லாம் உள்ளேயே கிடக்கும். ஆகவே அதை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வைத்து, மனைவியிடம் இன்றே சொல்லி வையுங்கள்.