மாம்பழம் பழுக்கும் ஐந்து நாளில் இருக்கிறது விடுமுறைப் பணம்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாளே வீட்டில் செலவு தொடங்கிவிடுகிறது. பிள்ளைகள் வீட்டோடு இருக்கிறார்கள். பட்டணத்திலிருந்து அத்தை குடும்பமும் சித்தப்பா குடும்பமும் வந்து இறங்குகின்றன. ராமேசுவரமோ கொடைக்கானலோ, இரண்டு நாளாவது எங்காவது கூட்டிப்போகச் சொல்லிச் சிறிசுகள் நச்சரிக்கின்றன. அது முடிவதற்குள் ஜூன் வந்து நிற்கும்; நோட்டு, பை, செருப்பு, வேன் கட்டணம். நெல் விற்ற பணம் எப்போதோ கடனுக்குப் போயிருக்கும். ஆடிப்பட்டத்துக்கும் கையில் கொஞ்சம் நிறுத்தியாக வேண்டும்.

இந்த இரண்டு மாதத்தில் ரொக்கம் தரக்கூடிய ஒன்று பல வீடுகளின் கொல்லையிலேயே காய்த்துத் தொங்குகிறது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அது பூவாக இருந்தபோதே கைமாறிவிட்டது.

சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் பக்கமெல்லாம் மாமரத்தைப் பூவிலேயே குத்தகை பேசுவது பழக்கம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. காற்றடித்துக் காய் கொட்டினாலும், தத்துப்பூச்சி விழுந்தாலும், விலை சரிந்தாலும் நஷ்டம் வியாபாரிக்கு. ஆள் பிடிப்பது, பறிப்பது, வண்டி ஏற்றுவது எல்லாம் அவர் பாடு. ஆகவே தோட்டம் முழுவதையும் வீட்டிலிருந்தே விற்றுவிடலாம் என்று கிளம்புவது ஆபத்து. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஐந்தாறு மரத்தையோ எட்டு மரத்தையோ மட்டும் குத்தகையிலிருந்து ஒதுக்கிவைப்பதுதான் பேச வேண்டிய விஷயம். அந்த எட்டு மரம் உண்மையில் எவ்வளவு கூடுதலாகத் தரும்?

எட்டு மரத்துக் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரூபாய்களை அவரவர் ஊர் விலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கணக்கின் போக்கு மாறாது.

மரத்துக்கு 80 கிலோ என்றால் எட்டு மரத்துக்கு 640 கிலோ. குத்தகையில் இந்த எட்டு மரத்துக்கு 16,000 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். கிலோவுக்கு 25 ரூபாய்.

வீட்டிலிருந்து விற்றால் 640 கிலோவும் பழமாக விற்காது. சிறுத்தது, தழும்பு விழுந்தது என்று 220 கிலோ ஒதுங்கும். அதைக் காயாகவே கிலோ 20 ரூபாய்க்குக் கொடுத்தால் 4,400 ரூபாய். அழுகல், உறவுக்காரர் பை, வீட்டில் தின்றது எல்லாம் சேர்த்து 60 கிலோ. மீதி 360 கிலோ நல்ல பழம், கிலோ 70 ரூபாய் வீதம் 25,200 ரூபாய். மொத்த வரவு 29,600.

செலவு: பறிக்க நான்கு ஆள் கூலி 3,200. ஐந்து கிலோ அட்டைப்பெட்டி 72, பெட்டி 30 ரூபாய் வீதம் 2,160. வைக்கோல், காகிதம், கயிறு 400. வண்டிக்கு எண்ணெய், பேருந்து பார்சல் என்று 1,500. ஆக 7,260. கையில் நிற்பது 22,340 ரூபாய். குத்தகையைவிட 6,340 ரூபாய் கூடுதல்.

மூன்று வாரம் வீடே உழைத்ததற்கு இதுதானா என்று தோன்றலாம். தோன்ற வேண்டும். கிலோ 25 ரூபாய்க் காய் 70 ரூபாய்க்குப் போகிறது என்றதும் மூன்று மடங்கு லாபம் என்று மனசு கணக்குப் போடும்; நோட்டு அப்படிச் சொல்லாது. வீட்டு ஆட்களின் கூலி இதில் சேரவே இல்லை. பறிப்பதையும் வீட்டு ஆட்களே பார்த்தால் இன்னொரு 3,200 மிஞ்சும்.

அடுத்த கணக்குதான் முக்கியம். அந்த 60 கிலோ சேதம் 120 கிலோ ஆகிவிட்டால்? விற்கும் பழம் 300 கிலோவாகிறது. பெட்டிச் செலவு கொஞ்சம் குறைந்தும்கூட கையில் நிற்பது 18,500தான். கூடுதல் வருமானம் 2,500 ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது. கிலோவுக்குப் பத்து ரூபாய் விலை குறைந்தாலும் கிட்டத்தட்ட இதே அடிதான் விழும். ஆனால் விலை நம் கையில் இல்லை. சேதம் நம் கையில் இருக்கிறது.

பறிப்பிலேயே பாதி வேலை

முற்றாத காய் பழுக்காது. சுருங்கி, தோல் வதங்கி, புளிக்கும். முற்றியதா என்று பார்க்கக் காம்புப் பக்கத்தைக் கவனிக்க வேண்டும். பிஞ்சில் காம்பிலிருந்து சரிவாக இறங்கும் தோள், முற்றியதும் காம்பு மட்டத்துக்கு மேலே எழும்பிக் காம்பைச் சுற்றிக் குழி விழுந்திருக்கும். கரும்பச்சை வெளுக்கும். மரத்தில் ஒன்றிரண்டு தானாகப் பழுத்து விழத் தொடங்கும். சந்தேகம் இருந்தால் வாளித் தண்ணீரில் நாலு காயைப் போட்டுப் பார்க்கலாம். முற்றியது அடியில் போகும், இளசு மிதக்கும். ஒரு மரத்தில் எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றுவதில்லை என்பதால் இரண்டு மூன்று தடவையாகப் பறிப்பது நல்லது. வீட்டு விற்பனைக்கும் அதுவே தோது.

உலுக்குவதும் கல்லால் அடிப்பதும் கூடவே கூடாது. கீழே விழுந்த காய் அன்றைக்கு நன்றாகவே தெரியும். நாலாம் நாள் அடிபட்ட இடம் கறுத்து, பெட்டியில் பக்கத்துப் பழத்தையும் கெடுக்கும். விழுந்ததைத் தனியாக வைத்து ஊறுகாய்க்கோ வற்றலுக்கோ அனுப்பிவிட வேண்டும். வலை கட்டிய மூங்கில் தொரட்டிதான் ஏற்றது. மரத்தின் பக்கத்தில் மின்கம்பி போனால் இரும்புத் தொரட்டியை எடுக்கவே வேண்டாம். விடுமுறையில் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் அதை வைப்பதும் வேண்டாம்.

காலையில், ஒரு விரல் நீளக் காம்போடு பறிக்க வேண்டும். காம்பு ஒட்ட முறிந்தால் பால் பீச்சியடிக்கும். அந்தப் பால் வழிந்த தடம்தான் பிறகு தோலில் கறுப்புக் கோடாக நிற்கிறது. பழம் உள்ளே எவ்வளவு இனித்தாலும் அந்தக் கோட்டைப் பார்த்தால் வாங்க வந்தவர் கை பின்வாங்கும். நிழலுக்குக் கொண்டுவந்த பிறகு காம்பைச் சிறிதாக நறுக்கி, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைக்கோல் மேலோ சாக்கின் மேலோ இரண்டு மூன்று மணி நேரம் கவிழ்த்து வைத்தால் பால் வடிந்துவிடும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் ஈரம் போக உலர்த்த வேண்டும். பலரும் தாண்டிப் போகும் படி இதுதான்.

பழத்தில் கரும்புள்ளி விழுந்து அழுகும் நோய் உள்ள தோட்டத்துக்காரர்கள், காயை 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் பத்து நிமிடம் வைத்தெடுத்து ஆறவைத்து உலர்த்தலாம். இதற்கு வெப்பமானி அவசியம். கைவைத்துப் பார்த்துச் செய்தால் சூடு கூடித் தோல் வெந்துவிடும், இல்லையென்றால் குறைந்து பயனில்லாமல் போகும். பழ ஈ தொல்லைக்குப் பறித்த பிறகு மருந்து தேடிப் பயனில்லை. காய் முற்றத் தொடங்கும்போதே மீத்தைல் யூஜினால் பொறி கட்டி, விழுந்த பழங்களை அன்றன்றைக்குப் பொறுக்கிக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

வைக்கோல் போதும்

காற்றோட்டமுள்ள அறையில் வைக்கோல் பரப்பி, காயை ஒற்றை வரிசையாகவோ மிஞ்சினால் இரண்டு அடுக்காகவோ வைத்து, மேலே கொஞ்சம் வைக்கோல் தூவினால் நாலிலிருந்து ஏழு நாளில் பழுத்துவிடும். இடையில் இரண்டு மூன்று பழுத்த பழத்தைப் போட்டுவைத்தால் வேலை விரைவாகும். பழுத்த பழம் விடும் எத்திலீன்தான் மற்றதையும் பழுக்கத் தூண்டுகிறது. குவியலாகக் கொட்டி மூடினால் சூடேறி நடுவில் இருப்பது அவியும். தினமும் காலையில் ஒருமுறை புரட்டிப் பார்த்து, காம்பு ஓரம் கறுத்ததை உடனே எடுத்துவிட வேண்டும்.

கார்பைடு கல்லைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆர்செனிக், பாஸ்பரஸ் நச்சு கலந்திருக்கக்கூடிய அந்தக் கல்லால் பழுக்கவைக்கச் சட்டப்படி தடை இருக்கிறது. எத்திலீன் வாயுவுக்கு 100 பிபிஎம் வரை அனுமதி உண்டு. ஆனால் எத்திபான் கரைசலில் பழத்தை முக்கி எடுப்பது அனுமதிக்கப்பட்ட முறை அல்ல. வீட்டுத் திண்ணையில் விற்பவருக்கு இது எதுவும் தேவையும் இல்லை. கல் போடாத பழம் என்பதற்காகத்தானே வாடிக்கையாளர் கடைவீதியைத் தாண்டி வீடு தேடி வருகிறார்.

பழுப்பதற்கு முன் விற்க வேண்டும்

பழுத்த பிறகு ஆள் தேடினால் தோற்றுப்போவோம். காய் வைக்கோலில் இறங்கும் அன்றைக்கே யாருக்கு எத்தனை கிலோ என்று எழுதியாகிவிட வேண்டும். பட்டணத்து உறவு, பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஆசிரியர்கள், வங்கி, மருந்துக்கடை, பால் சொசைட்டி என்று அறிமுகமான முகங்களே முதல் முப்பது பெட்டிக்குப் போதும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மரத்தில் காய் தொங்கும் படம் ஒன்று, வைக்கோலில் இருக்கும் படம் ஒன்று, விலை, பழம் தயாராகும் நாள் என்று போட்டால் கேட்டு வருவார்கள். இந்த வேலையை வீட்டில் பத்தாவது படிக்கும் பெண்ணோ பையனோ பெரியவர்களைவிட நன்றாகச் செய்வார்கள். எடை போட்டு நோட்டில் எழுதுவதையும் அவர்களிடமே விட்டு, பெட்டிக்கு ஐந்து ரூபாய் அவர்கள் பங்கு என்று பேசிவிட்டால் கணக்கு சுத்தமாக இருக்கும்.

எல்லாம் ஒரே நாளில் பழுக்கும் பெட்டியை வாங்கியவர் மறுவாரம் வருவதில்லை. இரண்டு கிலோ இன்றைக்குத் தின்ன, மூன்று கிலோ மூன்று நாள் கழித்து என்று கலந்து வைத்து, அதைச் சொல்லியும் அனுப்ப வேண்டும்.

ரகத்துக்கு ஏற்ப ஆளும் மாறும். செந்தூரம் முதலில் வரும். இமாம்பசந்த் மெல்லிய தோல் என்பதால் தூரத்துக்கு அனுப்பச் சிரமம். வீட்டுக்கு வந்து வாங்குகிறவர்களுக்கென்றே படைத்ததுபோல இருக்கும், விலையும் கூடுதலாகக் கிடைக்கும். மல்கோவா பின்னால் வரும், நீலம் கடைசி. நீலத்தில் கொட்டைக்குள் வண்டு இருக்க வாய்ப்புண்டு. அதை முன்கூட்டியே சொல்லிக் கொடுப்பது மரியாதை. கிளிமூக்கு பெரும்பாலும் பழக்கூழ் ஆலைக்குப் போகும் ரகம். அதை ஒதுக்கிவைத்து வீட்டில் விற்க நினைப்பதைவிடக் குத்தகைக்கே விட்டுவிடலாம்.

வீட்டுக்கு வரும் ஆள் போதவில்லை என்றால் உழவர் சந்தை இருக்கிறது. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கியது முதல் அதன் அடிப்படையே தரகு இல்லாமல் விவசாயி தானே விற்பதுதான். அடையாள அட்டையைப் பருவத்துக்கு முன்பே வாங்கி வைக்க வேண்டும்.

கடன் வேண்டாம் என்று சொல்வது எளிது, சொந்தபந்தத்திடம் கடைப்பிடிப்பது கஷ்டம். சும்மா கொடுக்கும் பழத்தை மனதாரக் கொடுக்கலாம். ஆனால் எத்தனை கிலோ கொடுத்தோம் என்று நோட்டில் ஏறட்டும். பல வீடுகளில் அழுகலைவிட அந்தக் கணக்கு பெரிது.

பழத்துக்கு வேண்டாம், ஊறுகாய்க்கு வேண்டும்

வீட்டில் விற்க லைசென்ஸ் வேண்டுமா என்பது பலருக்கும் உள்ள சந்தேகம். தன் நிலத்தில் விளைந்ததை விளைந்தபடியே விவசாயி விற்பதற்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பதிவு தேவையில்லை. அதே மாங்காயை ஊறுகாய், வற்றல், மாம்பழத் திரை என்று மாற்றி விற்கும்போது பதிவு வேண்டும். சிறு தயாரிப்பாளருக்கு உரிமம் வேண்டாம், பதிவு மட்டும் போதும். பொட்டலத்தில் பெயர், சேர்மானம், எடை, தயாரித்த நாள், எதுவரை நல்லது, முகவரி, பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும். கிலோக் கணக்கில் விற்பதால் தராசுக்கும் முத்திரை வேண்டும்.

ஒதுங்கிய அந்த 220 கிலோவை ஊறுகாயாக்கி முதல் வருடமே பெரிதாகச் செய்ய ஆசை வரும். பத்து கிலோவில் தொடங்கி, அது ஆடி வரை பூஞ்சணம் பூக்காமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த வருடம் கூட்டுவது புத்திசாலித்தனம்.

இதே பெயரில் வரும் இன்னொன்று

வீட்டிலிருந்தே நேரடி விற்பனை, விடுமுறையில் கூடுதல் வருமானம் என்று சொல்லிக்கொண்டு வேறு சிலரும் கோடையில் ஊருக்குள் வருவார்கள். சத்துமாவு, சோப்பு, மூட்டுவலி எண்ணெய் என்று ஒரு பெட்டி; அதை முதலில் நாம் வாங்க வேண்டும்; பிறகு கீழே நாலு பேரைச் சேர்க்க வேண்டும். வருபவர் பெரும்பாலும் நமக்கு வேண்டியவராகவே இருப்பார் என்பதால் மறுக்கவும் கூச்சம்.

பொருளை விற்றுக் கமிஷன் பெறுவது சட்டப்படியான தொழில்தான். ஆனால் 2021இல் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி சேருவதற்கென்று கட்டணம் வாங்கக் கூடாது, ஆள் சேர்ப்பதை வைத்துப் பணம் தரும் பிரமிடு முறை கூடாது. பணச்சுழற்சித் திட்டங்களுக்கு 1978ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடை உண்டு. வந்தவரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும்: யாரையும் சேர்க்காமல் பொருளை மட்டும் விற்றால் மாதம் என்ன கிடைக்கும்? பதில் சுற்றி வளைத்து வந்தால், மாங்காய் விற்ற 6,000 ரூபாயை அந்தப் பெட்டிக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே கொடுத்து ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

நீலம் முடிந்த பிறகு

கடைசி நீலமும் விற்றுத் தீர்ந்ததும் நோட்டைப் பிரித்து உட்கார வேண்டும். எந்த மரம் எத்தனை கிலோ, எத்தனை அழுகியது, எந்த வாரம் பெட்டி தேங்கியது, யார் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள் என்று பார்த்தாலே, ஒதுக்கிய எட்டு மரம் பத்தாக வேண்டுமா ஐந்தாகக் குறைய வேண்டுமா என்பது தெரிந்துவிடும். தை மாதம் பூவைப் பார்த்து முன்பணம் பேச வியாபாரி வருவார். அப்போது அந்த நோட்டு கையில் இருக்கட்டும்.