கிளைகள் பல, கையிருப்பு ஒன்று

டில்லிக்கு அருகே உள்ள காஜியாபாத்தில் நம் உறவினர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் வீடு கட்டினார். கூடத்துக்கும் உணவறைக்குமாகச் சேர்த்து 600 சதுர அடித் தரை. இரண்டடிக்கு இரண்டடி அளவுள்ள டைல்கள் ஒரு பெட்டியில் நான்கு இருக்கும். ஒரு பெட்டி ஏறக்குறைய பதினைந்தரைச் சதுர அடியை மூடும். வெட்டுச் சேதத்தையும் சேர்த்து 43 பெட்டி வேண்டும் என்று மேஸ்திரி கணக்கிட்டார். மொத்த வியாபாரியின் கிளைக்கு நாமும் உடன் சென்றிருந்தோம். அங்கே இருந்தவை 18 பெட்டிகள். கிளை நிர்வாகி மற்றக் கிளைகளைத் தொலைபேசியில் விசாரித்தார். மீரத்தில் 11, ஜெய்ப்பூரில் 16, சண்டிகரில் 9. ஆக மொத்தம் 54. நம் உறவினர் முகம் மலர்ந்தது. ஆனால் அந்த மலர்ச்சி ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை.

டைல் சூளையிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு தொகுதியும் நிறத்தில் இம்மியளவு வேறுபடும். அதனால் பெட்டியின்மேல் ஷேடு எண் ஒன்றை அச்சிடுவார்கள். ஒரே மாதிரி, ஒரே பெயர், ஒரே விலை; எனினும் ஷேடு எண் வேறானால் ஒரே தரையில் பதிக்கலாகாது. பதித்தால் காலை வெயிலில் கோடு போட்டதுபோல் தெரிந்துவிடும். நான்கு கிளைகளிலும் இருந்தவை மூன்று வெவ்வேறு எண்கள். 54 பெட்டி கையிருப்பில் இருந்தும் 43 பெட்டி கொடுக்க இயலவில்லை! குஜராத்தில் உள்ள மோர்பியிலிருந்து, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான தொலைவைக் கடந்து, புதிய சுமை வந்து சேரும்வரை வேலை நின்றது. மேஸ்திரியும் அவருடன் வந்த இரு சிற்றாள்களும் அத்தனை நாள் கூலியை இழந்தனர்.

இந்தத் தவறு எங்கே நேர்ந்தது? எந்த நிர்வாகியும் சோம்பேறி அல்லர். தத்தம் கிளைக்கு வேண்டியதைத் தத்தம் மதிப்பீட்டின்படி, தத்தமக்கு உகந்த நாளில் நால்வரும் வரவழைத்தார்கள். ஒருவர் மார்ச்சில் வாங்கினார், இன்னொருவர் ஜூனில் வாங்கினார். தனித்தனியே பார்த்தால் நால்வர் செய்ததும் சரிதான். நான்கையும் ஒருங்கே பார்ப்பதற்கு எவரும் இல்லை. கட்டடப் பொருள் வியாபாரத்தில் கிளைகளின் சரக்கை ஓரிடத்திலிருந்து கவனித்து நிரப்பும் முறை இந்தக் குறையினின்றே பிறந்தது.

கிளை நிர்வாகி ஒருவர் சரக்கு வரவழைக்கும்போது அவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் அச்சமே. வாடிக்கைக்காரர் வெறுங்கையுடன் திரும்பினால் அடுத்த கடைக்குப் போவார். பின்பு திரும்பி வரமாட்டார். ஆகவே அவர் சற்றுக் கூடுதலாகவே வைத்துக்கொள்கிறார். இந்தக் கூடுதலைக் காப்பிருப்பு எனலாம். ஒரு கிளையில் வாரத்துக்குச் சராசரியாக 100 பெட்டி விற்கிறது. சில வாரம் அதற்கு மேலும் சில வாரம் கீழும் போகிறது. பெரும்பாலான வாரங்களைச் சமாளிக்க மேற்கொண்டு 50 பெட்டி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான்கு கிளைகளும் இப்படியே செய்தால் காப்பிருப்பு மட்டும் 200 பெட்டி.

ஆனால் நான்கு ஊர்களிலும் ஒரே வாரத்தில் விற்பனை உச்சத்துக்குப் போவது அரிது. மீரத்தில் ஏறும்போது சண்டிகரில் இறங்கும். ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்துகொள்ளும். ஆகையால் நான்கு கிளைகளுக்குமாகப் பொதுக்காப்பு ஒன்றை வைத்தால் 200 தேவையில்லை, 100 போதும். கிளைகளின் எண்ணிக்கைக்கு வர்க்கமூலம் காண வேண்டும் என்பது கணக்கு. நான்கின் வர்க்கமூலம் இரண்டு. ஆகவே காப்பு பாதியாகிறது. ஒன்பது கிளைகளானால் மூன்றில் ஒரு பங்காகும். மைய நிலையத்திலிருந்து லாரி வந்து சேரும் ஓரிரு நாளுக்கு வேண்டியதைக் கிளை தன்னிடம் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் தொழிற்சாலையிலிருந்து சரக்கு வர ஆகும் வாரக்கணக்கான காலத்துக்கென நான்கு பேரும் தனித்தனியே மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

இவ்வளவு எளிய கணக்கு வியாபாரிகளுக்கு ஏன் முன்பே தோன்றவில்லை என்று நேயர்கள் கேட்கலாம். தோன்றாமல் இல்லை. நம் நாட்டில் அதற்கு வரியே குறுக்கே நின்றது. 1956-ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டத்தின்படி ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு விற்கும் சரக்கின்மீது வரி விழும்; வாங்கியவர் அதை வேறு வரியில் கழித்துக்கொள்ளவும் இயலாது. தன் சொந்தக் கிளைக்கு அனுப்புவதோ விற்பனை ஆகாது. ஆகவே மாநிலத்துக்கு ஒரு கிடங்கு கட்டிச் சரக்கைப் பிரித்து வைப்பதே ஆதாயமாக இருந்தது. கிடங்கு எங்கே இருக்க வேண்டும் என்பதைச் சாலையும் தேவையும் தீர்மானிக்கவில்லை. வரிச் சட்டம் தீர்மானித்தது. 2017 ஜூலை 1-ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் இந்தத் தடை நீங்கியது. மாநில எல்லையைக் கடக்கும்போது செலுத்தும் வரியைப் பின்னர் கழித்துக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. மூன்று மாநிலங்களுக்குப் பொதுவாக ஒரு கிடங்கு என்பதை வியாபாரிகள் மனம்விட்டு யோசிக்கத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிளைகள் தனித்தனியே வரவழைப்பதில் இன்னொரு தீங்கும் உண்டு. வீடு கட்டுவோர் பத்துப் பெட்டி கூடுதலாகக் கேட்டால், கிளை நிர்வாகி தேவை பெருகுகிறது என்று எண்ணி இருபது கேட்பார். அதைப் பார்க்கும் தலைமை நிலையம் நாற்பதுக்குக் கடிதம் எழுதும். தொழிற்சாலை இன்னொரு சூளையை மூட்டும். சரக்கு வந்து குவியும் நேரத்தில் பழைய அளவுக்குத் தேவை இறங்கியிருக்கும். உடனே எல்லோரும் ஒருசேர வாங்குவதை நிறுத்துவார்கள். ஜே ஃபாரஸ்டர் என்னும் அமெரிக்க அறிஞர் 1958-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை விரிவாக ஆராய்ந்தார். விற்பனை என்ன என்பதை மேலே உள்ளவர்கள் நேராகப் பார்க்காமல், கீழே உள்ளவர்களின் கொள்முதலைப் பார்த்தே ஊகிப்பதால் வரும் வினை இது. கிளைகளின் அன்றாட விற்பனை மைய நிலையத்தின் கண்முன் இருந்தால் ஊகத்துக்கு இடம் குறையும்.

அப்படியானால் எல்லாச் சரக்கையும் ஓரிடத்தில் குவித்துவிடலாமா? கூடவே கூடாது. சிமெண்டை எடுத்துக்கொள்வோம். 50 கிலோ மூட்டை. விலையோடு ஒப்பிட்டால் எடை மிகுதி. ராஜஸ்தானத்துச் சித்தோர்கட் பகுதி ஆலைகளிலிருந்து வரும் லாரியை மையக் கிடங்கில் இறக்கி, மறுபடி ஏற்றிக் கிளைக்கு அனுப்பினால் இரட்டைக் கூலி, இரட்டை வாடகை. கிழியும் மூட்டைகள் வேறு. அது ஆலையிலிருந்து நேராகக் கிளைக்கோ, வேலை நடக்கும் இடத்துக்கோ போக வேண்டும். மேலும் சிமெண்ட் காத்திருக்கும் பொருள் அன்று. ஈரக்காற்றை உறிஞ்சிக் கட்டிப்படும். மூன்று மாதத்துக்கு மேல் கிடந்ததை மறுபடி சோதித்த பின்பே பயன்படுத்த வேண்டும். நம் கிராமங்களில் நெற்குதிருக்கு மேலே ஒரு வாயும் அடியில் ஒரு வாயும் வைத்தார்கள். பழைய நெல் முதலில் வெளிவரும். சிமெண்டுக் கிடங்கில் புது மூட்டைகளை முன்னால் அடுக்கிவிட்டுப் பின்வரிசையை மறந்துவிடுபவர்களுக்கு அந்தக் குதிரின் ஞாபகம் வந்தால் நல்லது. ஆகவே சிமெண்ட், செங்கல், மணல் ஆகியவற்றில் மையத்துக்கு வர வேண்டியது கணக்கு மட்டுமே. சரக்கு தன் வழியே போகட்டும்.

இரும்புக் கம்பியில் இரண்டும் கலந்திருக்கும். 8 மில்லிமீட்டரும் 12 மில்லிமீட்டரும் எந்தக் கிளையிலும் தினந்தோறும் போகும். அவற்றைக் கிளையிலேயே வைப்பது முறை. 32 மில்லிமீட்டர் கம்பியை மாதத்தில் ஒருவர் கேட்பார். அதை நான்கு ஊரிலும் துருப்பிடிக்க வைப்பானேன்? டைல், குழாய்ச் சாமான், பீங்கான் சாதனங்கள் ஆகியவற்றுக்குத்தான் பொதுக்கையிருப்பு பெரிதும் பயன்படும். ரகம் ஆயிரக்கணக்கு; ஒவ்வொன்றின் விற்பனையும் சொற்பம். ஒரே ஷேடு எண்ணுள்ள 54 பெட்டி ஓரிடத்தில் இருந்திருந்தால் நம் உறவினருக்கு மறுநாளே 43 கிடைத்திருக்கும். வர்ணத்துக்கு வேறொரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். சில அடிப்படை வர்ணங்களை மட்டும் கடையில் வைத்துக்கொண்டு, கேட்ட நிறத்தை அங்கேயே இயந்திரத்தில் கலந்து கொடுக்கிறார்கள். டைலை அப்படிக் கலக்க முடியாது.

இங்கே ஒரு சொல் மயக்கத்தைத் தீர்த்துவிட வேண்டும். அலுவலில் கிடங்கு விதிகளை மொழிபெயர்த்தபோது வாங்குவதற்கும் நிரப்புவதற்கும் 'கொள்முதல்' என்ற ஒரே சொல்லை நாம் எழுதிவந்தோம். பழுத்த அனுபவமுள்ள கிடங்கு அதிகாரி ஒருவர் அதைத் திருத்தினார். விலை பேசுவது விற்பவன் முகத்தைப் பார்த்துச் செய்வது. நிரப்புவது அலமாரியைப் பார்த்துச் செய்வது என்றார். மத்திய அரசின் வழங்கல் மற்றும் அகற்றல் தலைமை இயக்ககம் பல பொருள்களுக்கு விலை ஒப்பந்தம் செய்து வைத்திருந்தது. விலை ஓரிடத்தில் முடிவாகும். எப்போது, எவ்வளவு என்பதை அந்தந்த இலாகா தீர்மானித்துக்கொள்ளும். அந்த இயக்ககம் 2017 அக்டோபர் 31-இல் மூடப்பட்டது. அரசின் மின்னணுச் சந்தை அதன் இடத்தைப் பெற்றது. வியாபாரிகளில் பலர் தலைமை நிலையத்தில் விலை பேசிவிட்டு, 'எங்கள் சரக்கு முறை மையப்படுத்தப்பட்டது' என்று பெருமைப்படுகிறார்கள். பாதி வேலைதான் ஆகியிருக்கிறது.

மறுபாதி மிகக் கடினமானது. அதில் இயந்திரத்தைவிட மனிதருக்கே பங்கு அதிகம். மீரத்துக் கிளையில் உள்ள சரக்கை ஒரு முறை டில்லிக்கு எடுத்துச் சென்று, மறுவாரம் மீரத்து வாடிக்கைக்காரரைக் காக்க வைத்துவிட்டால், அந்த நிர்வாகி அடுத்த முறை சரக்கை ஒளிக்கத் தொடங்குவார். 'விற்றாகிவிட்டது, இன்னும் எடுத்துச் செல்லவில்லை' என்று எழுதிவைப்பார். அவரை நாம் குறைகூற மாட்டோம். விற்பனையைப் பொறுத்தே அவருடைய ஊதிய மேலதிகம் இருக்கும்போது, தன் கையில் உள்ளதை எவர் மகிழ்ந்து கொடுப்பார்? வேறு கிளைக்கு அனுப்பிய சரக்கின் விற்பனையில் அனுப்பியவருக்கும் பங்கு தர வேண்டும். மைய நிலையம் தானாக அனுப்பி, விற்காமல் தேங்கிய சரக்கின் நஷ்டத்தைக் கிளையின் தலையில் கட்டக்கூடாது. இவ்விரண்டையும் முதலில் எழுத்தில் கொடுக்காத ஸ்தாபனம் கணிப்பொறிக்குச் செலவிடும் பணம் வீண்.

அடுத்தது கணக்கின் மெய்ம்மை. ஏட்டில் மூன்று பெட்டி இருக்கிறது, உண்மையில் ஒன்றுமில்லை. ஒன்று உடைந்தது, ஒன்று மாதிரிப் பலகைக்குப் போனது, ஒன்று வேறு பெயரில் விற்கப்பட்டது. சரக்கு இல்லாததால் விற்பனை இல்லை; விற்பனை இல்லாததால் தேவையில்லை என்று இயந்திரம் முடிவுகட்டும்; மூன்று பெட்டி இருப்பதாக நம்பிப் புதிதாக அனுப்பவும் மாட்டாது. அந்த ரகம் அந்தக் கிளையில் சத்தமின்றி மறைந்துவிடும். கிளை நிர்வாகி தாமே வரவழைத்த காலத்தில் வெற்று அலமாரி அவர் கண்ணில் பட்டுவிடும். ஆகவே நாள்தோறும் சில ரகங்களையாவது கையால் எண்ணிப் பார்ப்பது இன்றியமையாதது. நீண்ட நாள் விற்காத ரகங்களிலிருந்து எண்ணத் தொடங்குவது புத்திசாலித்தனம்.

வர்க்கமூலக் கணக்குக்கும் ஓர் எல்லை உண்டு. கிளைகளின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவையாக இருந்தால்தான் அது செல்லும். டில்லியைச் சூழ்ந்த பகுதியில் குளிர்காலத்துக் காற்று மிகக் கெடும்போது, 2017-இல் அறிவிக்கப்பட்ட படிநிலைச் செயல்திட்டத்தின்படி கட்டுமான வேலைகள் பலவற்றை நிறுத்திவிடுகிறார்கள். டில்லி, காஜியாபாத், மீரத், குருகிராம் எல்லாம் ஒரே நாளில் ஓய்ந்துவிடும்; தடை நீங்கிய மறுநாள் எல்லாம் ஒரே மூச்சில் கேட்கும். நான்கு கிளைகள் இருந்தாலும் அப்போது அவை ஒரே கிளையைப் போன்றவை. காப்பு பாதியாகும் என்று நம்பியிருந்தவர் ஏமாந்துபோவார். ஜெய்ப்பூரும் சண்டிகரும் அந்தத் தடைக்கு வெளியே இருப்பவை. இத்தகைய பாதகமான நாள்களில்தான் அவற்றையும் ஒரே வலையில் இணைத்ததன் பலன் தெரியும்.

பழக்கத்தில் இந்த முறை மிக எளிதாகவே நடக்கிறது. இரவு கடை மூடும்போது ஒவ்வொரு கிளையின் விற்பனையும் மைய நிலையத்துக்குப் போய்ச் சேருகிறது. ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு கீழ்மட்டம், ஒரு மேல்மட்டம். கீழ்மட்டத்துக்கு இறங்கிய ரகத்தை மேல்மட்டம்வரை நிரப்பும்படி பட்டியல் தயாராகிறது. காலையில் அந்தப் பட்டியல் முதலில் கிளை நிர்வாகியின் பார்வைக்கே வருகிறது. கிடங்குக்குப் போவது அதற்குப் பிறகுதான். தம் ஊரில் கல்லூரிக் கட்டடம் ஒன்றுக்கு அஸ்திவாரம் போட்டிருப்பது அவருக்குத் தெரியும். நேற்றைய விற்பனையை மட்டுமே அறிந்த இயந்திரத்துக்குத் தெரியாது. அவர் ஓர் எண்ணைத் திருத்தலாம். திருத்தினால் பக்கத்தில் ஒரு வரி காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதும் அந்தக் கட்டம் இல்லாத பட்டியல்களையும் நாம் பார்த்திருக்கிறோம். அங்கெல்லாம் நிர்வாகிகள் எல்லாவற்றையும் திருத்தினார்கள், அல்லது ஒன்றையுமே திருத்தவில்லை.

நம் உறவினரின் தரை ஒருவாறு முடிந்தது. மேஸ்திரி சிக்கனமாக வெட்டியதால் இரண்டு பெட்டிகள் மிஞ்சின. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள முன்வந்தும் அவர் கொடுக்கவில்லை. ஷேடு எண் தெரியும்படி வெளிப்பக்கம் திருப்பி வைக்கப்பட்ட அப்பெட்டிகள் இன்றும் மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன.