மின்னஞ்சல் வரிசை

மின்னஞ்சல் வரிசை என்பது, அனுப்பப்பட்டும் இன்னும் போய்ச் சேராத மடல்களை மின்னஞ்சல் வழங்கி தன் வன்தட்டில் காத்து வைக்கும் இடமாகும். "மடல் போகவில்லை" என்று அலுவலகத்தில் புகார் எழுந்தால், கணினி நிர்வாகி முதலில் பார்க்க வேண்டியது இதையே.

மடலைப் பெறும் வழங்கி மூன்று இலக்க எண்ணில் விடை தரும். 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி நெறிமுறையிலேயே இம்முறை உண்டு. விடை 2இல் தொடங்கினால் மடல் ஏற்கப்பட்டது. 5இல் தொடங்கினால் நிலையான மறுப்பு. மடல் திரும்பிவிட்டதாக அனுப்பியவருக்கு அறிவிப்பு வரும். 550 என்பது பெரும்பாலும் அப்படியொரு முகவரி இல்லை என்பதைக் குறிக்கும். 4இல் தொடங்கினால் தடை தற்காலிகமானது. மடல் வரிசையில் காத்திருக்கும். வழங்கி அதை மீண்டும் மீண்டும் அனுப்பிப் பார்க்கும். போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள் இயல்பாக 5 நாட்கள் வரை முயன்ற பின்னரே கைவிடும்.

வரிசை திடீரென நீண்டால் அவசரத்தில் நேரும் பெரும்பிழை, அதை முழுதாக அழித்துவிடுவது. ஒரே கட்டளை போதும், எளிதுதான். ஆனால் அழிந்த மடல் மீளாது, அனுப்பியவருக்கும் அறிவிப்பு செல்லாது. விலைப்புள்ளி போய்ச் சேர்ந்ததாகவே அவர் நம்பிக்கொண்டிருப்பார். ஆகவே பதிவுக் கோப்பை முதலில் படிக்க வேண்டும். எல்லா மடல்களும் நின்றால் இணைய இணைப்பையோ டிஎன்எஸ் அமைப்பையோ ஐயுறலாம். ஒரே ஊழியரின் பெயரில் ஆயிரக்கணக்கில் குவிந்தால், அவரது கடவுச்சொல் களவு போயிருக்கக்கூடும். கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, அவர் பெயரில் வந்த எரிதங்களை மட்டும் நீக்க வேண்டும்.

வன்தட்டு நிரம்பினாலும் பதற வேண்டியதில்லை. வழங்கி 452 என விடையளிக்கும். வெளியிலிருந்து வரும் மடல்கள் அனுப்பியவரின் வரிசையிலேயே காத்திருக்கும்.