நடுக்குவாதமும் மந்தமடையும் மூளை அலைகளும்

நடுக்குவாதம் என அறியப்படும் பார்க்கின்சன் நோயைப் பற்றிப் பேசும்போது நடுங்கும் கையும் தளர்ந்த நடையுமே எமது நினைவுக்கு வருகின்றன. அந்நோயின் மற்றுமொரு முகமான அறிதிறன் தேய்வோ, வயதுபோனால் அப்படித்தான் என்ற சமாதானத்துடன் பெரும்பாலான வீடுகளில் விடப்பட்டு விடுகின்றது. இத்தேய்வு வெளிப்படையாகத் தெரிவதற்குச் சில வருடங்கள் முன்னரே மூளையின் மின்னலைகள் அதனைக் காட்டிக் கொடுக்கக்கூடும் என்பதை அண்மைய தசாப்தங்களின் ஆய்வுகள் உணர்த்தியுள்ளன. ஆயினும், இவ்விடயம் நோயாளர் குடும்பங்களை இன்னமும் உரிய முறையில் சென்றடையவில்லை என்றே நாம் கருதுகின்றோம்.

இந்த அசட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. லண்டன் வைத்தியரான ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817 இல் இந்நோயை முதன்முதலாகத் தெளிவாக விபரித்தபோது அவர் முன்னிலையில் இருந்தவர்கள் ஆறு பேர் மாத்திரமே. அவர்களுள் சிலரை அவர் வீதியில் கண்டதோடு சரி. புலன்களும் புத்தியும் இந்நோயினால் பாதிக்கப்படுவதில்லை என அவர் எழுதி வைத்தார். வீதியில் கண்ட ஒருவரின் சிந்தனைத் திறனை எவ்வாறு அளவிடுவது? எனினும் அக்கருத்து நெடுங்காலம் நிலைத்து நின்றது. அவுஸ்திரேலியாவின் சிட்னியில் நோயாளர்களை 20 வருடங்கள் தொடர்ந்து அவதானித்து, 2008 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அதுவரை உயிருடன் இருந்தவர்களுள் 80 சதவீதத்திற்கும் அதிகமானோர் டிமென்ஷியா எனப்படும் அறிதிறன் இழப்புக்கு உள்ளாகியிருந்தமை தெரியவந்தது. 2024 இல் அமெரிக்காவில் வெளியான மதிப்பீடு இதனிலும் குறைந்த ஆபத்தையே காட்டுகின்றது என்பது ஆறுதலான செய்தி. ஆனால், ஆபத்து இல்லை என்று எவரும் இப்போது கூறுவதில்லை.

மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தவர் ஜேர்மனிய வைத்தியரான ஹான்ஸ் பேர்கர். 1924 இல் பதிவு செய்து 1929 இல் அதனை அவர் வெளியிட்டார். தொலைவிலுள்ள ஒருவரின் எண்ணத்தை மற்றொருவர் உணர முடியுமா என்ற தேடலே அவரை இத்துறைக்கு இழுத்து வந்தது என்பது சுவையான செய்தி. அவர் தேடியது கிடைக்கவில்லை; வைத்திய உலகுக்கு ஈ.ஈ.ஜி. கிடைத்தது. இதயத்துக்கு ஈ.சி.ஜி. எவ்வாறோ மூளைக்கு ஈ.ஈ.ஜி. அவ்வாறு. தலையில் சிறு மின்முனைகளைப் பொருத்திச் செய்யப்படும் இப்பரிசோதனையில் வலியும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை.

கண்களை மூடி விழிப்புடன் இருக்கும் ஒருவரின் தலையின் பின்புறத்தில் செக்கனுக்கு 8 முதல் 13 தடவைகள் வரை எழுந்து தாழும் அலை பதிவாகின்றது. இது அல்ஃபா அலை. 4 முதல் 8 வரையானது தீட்டா. அதற்கும் குறைந்தது டெல்டா. பார்க்கின்சன் நோயாளரின் அறிதிறன் தேயும்போது அல்ஃபா அலை மந்தமடைய, தீட்டாவும் டெல்டாவும் மேலோங்குகின்றன.

அமெரிக்காவின் அரிசோனாவில் நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வொன்று இங்கு விசேடமாகக் குறிப்பிடத்தக்கது. அதில், டிமென்ஷியா இல்லாத 106 பார்க்கின்சன் நோயாளர்களின் மூளை அலைகள் பதிவு செய்யப்பட்டு, அவர்கள் தொடர்ந்து கண்காணிக்கப்பட்டனர். அடிப்படை அலையின் வேகம் செக்கனுக்கு 8.5 இலும் குறைந்திருந்தவர்களுக்கு டிமென்ஷியா ஏற்படும் ஆபத்து ஏனையோரை விட 13 மடங்காக இருந்தது. பதிவு செய்யப்பட்ட வேளையில் அவர்களுள் எவருக்கும் டிமென்ஷியா இருக்கவில்லை என்பதுதான் இதன் முக்கியத்துவம்.

அலை ஏன் மந்தமடைகின்றது? இந்நோயில் டோபமைன் சுரக்கும் கலங்கள் அழிவதை பலர் அறிவர். அவற்றோடு, கவனத்திற்கும் நினைவுக்கும் துணைநிற்கும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தை மூளையின் மேற்பரப்புக்கு அனுப்பும் கலங்களும் அழிகின்றன. அவ்வழங்கல் குறைவது அலைகளின் வேகம் தளர்வதற்கான முக்கிய காரணங்களுள் ஒன்றெனக் கருதப்படுகின்றது. இந்த இரசாயனத்தைப் பேணும் ரிவஸ்டிக்மின் என்ற மருந்து 2006 இல் அமெரிக்காவில் பார்க்கின்சன் டிமென்ஷியாவுக்கு அங்கீகரிக்கப்பட்டது. அது நோயை நிறுத்துவதில்லை. ஓரளவு தாங்கிப் பிடிக்கின்றது.

ஆனால் ஈ.ஈ.ஜி. அறிக்கை ஒன்றை வைத்து ஒருவரின் எதிர்காலத்தைத் தீர்மானித்து விட முடியாது. தூக்கக் கலக்கம், கிருமித்தொற்று, ஈரல் மற்றும் சிறுநீரகக் கோளாறு, சில மருந்துகள் ஆகியனவும் அலைகளை மந்தமாக்கும். 13 மடங்கு என்பது ஒரு குழுவைப் பற்றிய கணக்கே அன்றி ஒரு தனிமனிதரின் தலைவிதி அல்ல. பார்க்கின்சன் நோயின் உறவு நோயான லூயி உடல் டிமென்ஷியாவைக் கண்டறியும் 2017 ஆம் ஆண்டின் சர்வதேச வரையறையிலும் கூட மந்தமான அலைகள் துணைச் சான்றாக மாத்திரமே சேர்க்கப்பட்டுள்ளன. ஆதலால் "மூளையை ஸ்கான் செய்து மறதியை முன்கூட்டியே சொல்கின்றோம்" என எவராவது விளம்பரம் செய்தால் அதனை நம்பிப் பணத்தை விரயமாக்க வேண்டாம்.

முன்கூட்டி அறிவதால் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானதே. நடுக்கத்தைக் குறைப்பதற்காக நீண்டகாலமாகப் பயன்பட்டுவரும் பென்ஸ்ஹெக்சோல் குளிசை, ஏற்கனவே குறைந்துவரும் அசற்றைல்கோலினின் செயற்பாட்டைத் தடுப்பதால் முதியவர்களின் குழப்பத்தை அதிகரிக்கக்கூடியது. இல்லாத உருவங்கள் தெரிவதாக ஒரு நோயாளர் கூறும்போது கொடுக்கப்படும் ஹலோபெரிடோல் போன்ற மருந்துகள் அவரை அசைய முடியாத நிலைக்கே தள்ளிவிடலாம். மூளைக்குள் மின்முனை பொருத்தும் சத்திரசிகிச்சைக்கு ஒருவர் ஏற்றவரா என்பதும் அவரது அறிதிறனைப் பொறுத்தே முடிவாகின்றது. ஆபத்து உள்ளவர் யார் என்று தெரிந்தால் வைத்தியர் இவை அனைத்திலும் அவதானமாக நடந்துகொள்ள முடியும். காணி உறுதி, வங்கிக் கணக்கு போன்ற விடயங்களைத் தமது சொந்த விருப்பப்படி ஒழுங்கு செய்வதற்கு நோயாளருக்கும் அவகாசம் கிடைக்கும்.

இந்நோயில் முதலில் குறைவது எப்போதும் ஞாபகம் அல்ல. பழக்கமான சமையலில் ஒழுங்கு தவறுதல், பஸ்ஸில் மீதிக் காசைக் கணக்கிடத் திணறுதல், தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என அடிக்கடி தடுமாறுதல், தெரிந்த வீதியில் திசை மாறுதல் என்றவாறே அது தொடங்கக்கூடும். இவற்றைத் திகதியுடன் குறித்து வைத்து, உட்கொள்ளும் குளிசைகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் காட்டுங்கள். எந்தக் குளிசையையும் தாமாக நிறுத்த வேண்டாம். பார்க்கின்சன் மருந்துகளைத் திடீரென நிறுத்துவது உயிராபத்தாகவும் முடியலாம்.